தட்டைத் திறந்து காட்டுகிறவன்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆப்ரேஷன் தியேட்டருக்கு வெளியே இப்போது ஒரு சின்ன அறை கட்டி, சுவரில் டிவி மாட்டியிருக்கிறார்கள். உள்ளே வெட்டி எடுத்ததைப் படம் பிடித்து அந்த டிவியில் காட்டுகிறார்களாம். சொந்தக்காரர்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். போன மாதம் அங்கே வேலை பார்க்கிற பயல்கள் என்னை டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள்.

"தாசண்ணே, முன்னே இதெல்லாம் நீங்க கையில கொண்டு நடந்து காட்டுவியளாமே, உள்ளதா?"

உள்ளதுதான். டிவி வருவதற்கு முன்னால் அங்கே நான்தான் டிவி. கறுப்பு வெள்ளை. முகம் கறுப்பு, பல் வெள்ளை.

"அதப் பத்தி எழுதுங்கண்ணே, நம்ம ஆஸ்பத்திரி மலருல போடலாம்" என்றார்கள். எழுதுவதற்கு நான் படித்திருக்க வேண்டுமே. மூன்றாம் வகுப்பில் சேர்ந்தேன் என்பது உண்மை. முடித்தேன் என்று வாத்தியார் எங்கேயும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். வாயில் வருவதை அச்சுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறாள். கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டதில் கட்டுரை பாதியாகக் குறைந்துவிட்டது என்று அவளே சொல்கிறாள்.

நான் மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலோரத்தில் பிறந்தவன். அப்பா கடலுக்குப் போகிறவர். என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். முதல் அலை தூக்கியதும் காலையில் குடித்த கஞ்சி முழுவதும் கடலுக்குள் போயிற்று. "லேய், மீன் பிடிக்கக் கூட்டிட்டு வந்தா, நீ மீனுக்குச் சோறு போடுதியாலே?" என்று கரையில் இறக்கிவிட்டார். பிறகு வடசேரி சந்தையில் மூட்டை தூக்கினேன். மூட்டை என்னைத் தூக்கியது என்று சொல்வதுதான் சரி. கடைசியில் சர்ச்சில் ஒரு பெரியவர் சொல்லி ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கப் போனேன். முதல் நாளே ரத்தம் பார்த்து மயங்கி விழுந்து, நெற்றியில் இரண்டு தையல். வேலைக்குச் சேர்ந்த அன்றே நோயாளியானவன் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருவன்தான்.

பெருக்கினவன் ட்ராலி தள்ளினேன். ட்ராலி தள்ளினவன் தியேட்டருக்குள் வந்தேன். அப்படியே கிழவனானேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சொல்வதற்கு உள்ளது கடைசி சில வருஷங்கள்தான். ரோபோ வந்த பிறகு உள்ளது.

ரோபோ வருகிறது என்றதும் எல்லோரும் கை கால் வைத்த ஒன்றை எதிர்பார்த்தார்கள். வாட்ச்மேன் என்னிடம் ரகசியமாக, "அதுக்கு சல்யூட் அடிக்கணுமாடே?" என்று கேட்டார். வந்தது நான்கு கையுள்ள ஒரு பெரிய இரும்பு நண்டு. ஒவ்வொரு கைக்கும் கிருமி படாமல் பிளாஸ்டிக் உறை மாட்டுவார்கள். மாட்டினால் மழைக்குச் சாக்கு போர்த்தி நிற்கிற மாதிரி இருக்கும். அது தானாக ஒரு துரும்பைக்கூட அசைக்காது. தியேட்டர் மூலையில் தனியாக ஒரு பெட்டி உண்டு. சர்ஜன் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு உட்காருவார். அவர் விரல் அங்கே அசைந்தால், நோயாளியின் வயிற்றுக்குள் நண்டின் கொடுக்கு இங்கே அசையும். வயிற்றில் விரல் நுழைகிற அளவு நான்கைந்து துளை, அவ்வளவுதான். அந்த நண்டை மேசைப் பக்கம் உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவது என் வேலை. என் வீட்டுக்காரி, "அவியதான் ரோபோவ ஓட்டுதாவ" என்று தெருவில் சொல்லிவைத்தாள். அந்த வாரமே இரண்டு பேர் வயிற்று வலி என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

எங்கள் சர்ஜனுக்குப் பெயர் உண்டு. நாங்கள் சார் என்றுதான் சொல்வோம், இங்கேயும் சார் என்றே இருக்கட்டும். ஒல்லியான மனுஷன். பெட்டியில் உட்காரும் முன் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒட்டிச் சுவரோரம் வைப்பார். காலுக்கடியில் உள்ள மிதிகளை வெறுங்காலால்தான் மிதிப்பார். "செருப்பு போட்டா கால் கேக்காது தாஸ்" என்பார். கத்த மாட்டார். கோபம் வந்தால் குரல் தாழும். அதைவிட மோசமான நேரத்தில் மரியாதை கூடும். "சிஸ்டர், அந்த நூல்" என்பவர், "சிஸ்டர், ப்ளீஸ், அந்த நூல்" என்று சொன்னால் தியேட்டரில் ஒருவரும் மூச்சு விட மாட்டோம். எங்கள் பேபி சிஸ்டர் அந்த ஒரு வார்த்தைக்காகவே ஜெபம் வைத்திருந்தாள்.

கிட்னியில் கட்டி என்றால் நோயாளியை ஒருச்சரித்துப் படுக்கவைக்க வேண்டும். கட்டி உள்ள பக்கம் மேலே. மேசையை நடுவில் கொஞ்சம் முறிப்போம், விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே இடம் விரியும். கீழ்க்கால் மடங்கி, மேல்கால் நீட்டி, நடுவில் தலையணை. கக்கத்துக்கடியில் ஒரு பஞ்சுச் சுருள், இல்லாவிட்டால் எழுந்த பிறகு கை மரத்துப்போகும். நெஞ்சிலும் இடுப்பிலும் அகலப் பிளாஸ்திரி போட்டு மேசையோடு ஒட்டுவோம். நான் ஒட்டினால் பூகம்பம் வந்தாலும் மேசைதான் கவிழும், ஆள் நகராது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கற்ற வித்தை மனுஷனைப் புரட்டிப் போடுவதுதான்.

பிறகு சார் உட்காருவார். கிட்னிக்கு ரத்தம் கொண்டுவருகிற குழாயைத் தேடிப் பிடித்து, அதில் ஒரு சின்ன கிளிப் போடுவார். கிளிப் விழுந்ததும் பேபி சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல ஆரம்பிப்பாள். ரத்தம் நின்ற கிட்னி ரொம்ப நேரம் தாங்காது. அதற்குள் கட்டியை மட்டும் சுரண்டி எடுத்து, வெட்டின இடத்தைத் தைத்து, கிளிப்பை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு ஒரு பச்சை மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். சார் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்குவார். திரை இருட்டாகும். எங்கே ரத்தம் ஓடுகிறதோ அந்த இடம் மட்டும் பச்சையாக மின்னும். கிட்னி முழுவதும் பச்சை ஏறி வருவதைப் பார்த்தால், நாற்றங்காலில் முளை வந்த மாதிரி இருக்கும். அந்தப் பச்சை வந்ததும் சார் தலையை வெளியே எடுத்து, காலால் செருப்பைத் தேடுவார். ஆப்ரேஷன் முடிந்தது என்று அர்த்தம்.

அதன் பிறகு என் முறை. எடுத்ததை ஸ்டீல் தட்டில் வைத்து, மேலே பச்சைத் துணி மூடி, கதவு வரை கொண்டுபோய்ச் சொந்தக்காரருக்குக் காட்ட வேண்டும். நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் இது பழைய பழக்கம். கிட்னி என்று வந்தால் அது பழக்கம் இல்லை, சட்டம். காரணம் ஒரு வடசேரிக் குடும்பம்.

ரோபோ வந்த புதிதில், சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிற ஒருவருக்குக் கட்டி. சார் அழகாகக் கட்டியை மட்டும் எடுத்தார். நான் தட்டைக் கொண்டுபோய்த் துணியை எடுத்தேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒன்று. மச்சினன்மார் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இவ்வளவுதானா? கிட்னி எங்க?"

"கிட்னி உள்ளதான் இருக்கு. கட்டிய மட்டும்தான் எடுத்தது."

"ஓய், காலம்பற உள்ள போன ஆளு. இத்தினிக்கூண்டு சாமானம் எடுக்கவா இவ்வளவு நேரம்? கிட்னிய எவனுக்குவே குடுத்திய?"

நான் வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எனக்கு ரெண்டு இருக்கு, வேணும்னா தொட்டுப் பாரும்" என்றேன். தொட்டுப் பார்க்கவில்லை, ஒருத்தன் பிடித்துத் தள்ளிவிட்டான். தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நான் மல்லாந்து விழுந்தேன். நெல்லிக்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சார் வெறுங்காலோடு ஓடிவந்து அத்தனை பேரையும் உட்காரவைத்து, மறுநாள் ஸ்கேன் எடுத்து, உள்ளே கிட்னி இருப்பதைக் காட்டின பிறகுதான் அடங்கினார்கள்.

அன்று சார் சொன்னார்: "தாஸ், எவ்வளவு சின்னதா இருந்தாலும் காட்டணும். எவ்வளவு பெருசா இருந்தாலும் காட்டணும். துணிய முழுசா எடுத்துக் காட்டணும். நாம மறைக்குதோம்னு ஒரு ஆளுக்குத் தோணிச்சுன்னா, பெறவு நாம சொல்லுகது எதையும் அவன் கேக்கமாட்டான்."

அதிலிருந்து அப்படியே நடந்தது. எனக்கும் அந்த வேலை பிடித்திருந்தது. பயந்துபோய் நிற்கிறவர்கள் முன்னால் துணியை எடுத்து, "பாத்துக்கிடுங்க, வாடகை குடுக்காம குடியிருந்த பய, காலி பண்ணியாச்சு" என்பேன். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்ததும் பெஞ்சில் உட்காருவார்கள். எல்லா நாளும் நெல்லிக்காய் வராது. கட்டி பெரிதாக, வேண்டாத இடத்தில் இருந்தால் முழுக் கிட்னியும் வரும். அப்போதும், "இன்னொண்ணு சிங்கம் மாதிரி இருக்கு" என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை.

கனகபாய் வந்த அன்றுதான் அப்படிச் சொல்ல முடியாமல் போயிற்று.

திருவட்டாறு பக்கத்துக்காரி. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். கையில் கத்தித் தழும்பு, நெற்றியில் அய்யாவழிக்காரர்களின் வெள்ளை நாமம். ட்ராலியில் படுத்திருந்தவளிடம் போய், வழக்கமாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பெயர் என்ன, ஆப்ரேஷன் எந்தப் பக்கம் என்று நோயாளி வாயாலேயே சொல்ல வேண்டும். பக்கம் மாறிவிடக் கூடாது.

"அக்காவுக்கு எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமா? ஒரு பக்கத்துலதான் தம்பி இருக்கு. மத்தது வெளிய பெஞ்சில இருக்கு."

நான் கதவிடுக்கு வழியாகப் பெஞ்சை எட்டிப் பார்த்தேன்.

வெளியே பெஞ்சில் இருந்தது அவள் மகன் அனீஷ். மார்த்தாண்டத்தில் மொபைல் கடையில் வேலை. சில வருஷம் முன்னால் அவனுக்கு இரண்டு கிட்னியும் போய், இவள்தான் தன்னுடைய இடது கிட்னியைக் கொடுத்திருக்கிறாள். இப்போது மிச்சமிருக்கிற வலது கிட்னியில் கட்டி. அதுவும் ஓரத்தில் இல்லை. ரத்தக் குழாய் உள்ளே நுழைகிற வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. பெரிய ஊர்களில் எல்லாம் முழுசாக எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். எடுத்தால் ஆயுசுக்கும் டயாலிசிஸ். சார் மட்டும்தான், "ரோபோவில் முயற்சி பண்ணிப் பார்க்கலாம். வாக்குக் கொடுக்க மாட்டேன். முடியாவிட்டால் எடுத்துவிடுவேன்" என்று சொன்னவர். அதற்குச் சம்மதித்துத்தான் வந்திருந்தாள்.

"தம்பி, எடுக்கத வெளிய கொண்டு காட்டுவியளாமே."

"ஆமாக்கா. அது சாருக்க சட்டமாக்கும்."

"கட்டிய மட்டும் எடுத்தா காட்டு. முழுசா எடுத்துட்டா எனக்க மொவனுக்குக் காட்டாத."

"அதென்னக்கா அப்படி?"

அவள் கழுத்தைத் திருப்பி, கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"அவனுக்குக் குளிகை உண்டு. காலம்பறயும் ராத்திரியும். அது முழுங்காட்டா எனக்க கிட்னிய அவனுக்க உடம்பு தள்ளிரும். அவன் மனசு நொந்தா சோறும் முழுங்கமாட்டான், குளிகையும் முழுங்கமாட்டான். அவனுக்க அப்பன் செத்தப்ப அப்படித்தான் செஞ்சான். பெரிய பாடுபட்டு மீட்டது. இன்னொருக்கா செஞ்சா போச்சுன்னு டாக்டர் பறஞ்சிருக்கார். இஞ்ச உள்ளது போனா போவட்டு தம்பி. அங்க உள்ளது போவப்பிடாது. அதும் எனக்க உள்ளதாக்கும்."

"அக்கா, எங்க சார் முட்டைக்குள்ள இருந்து மஞ்சக்கருவ மட்டும் எடுக்கக்கூடிய ஆளு. உமக்க மொவனுக்கு நான் நெல்லிக்காய்தான் காட்டுவேன், பாத்துக்கிடும்."

"கொள்ளாம்" என்று சிரித்தாள். "நல்ல வாயி. கலியாணத்துக்குப் பொண்ணு பேசப் போயிருக்கணும் நீ."

நாமத்தை அழிக்காமல் தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டேன். மயக்க டாக்டர் ஊசி போடும்போது, "அய்யா உண்டு" என்றாள். அவ்வளவுதான் கேட்டது.

ஒருச்சரித்தோம். நான் எப்போதும்போல ஒட்டினேன். எப்போதும்போல இல்லை, இரண்டு தடவை ஒட்டினேன். சார் செருப்பைக் கழற்றி உட்கார்ந்தார்.

முதல் பாதி சத்தமே இல்லாமல் போயிற்று. கொழுப்பை விலக்கி விலக்கி, கிட்னி தெரிந்தது. கட்டி, பலா மரத்தில் அடியோடு ஒட்டிக் காய்த்த காய் மாதிரி குழாயோடு ஒட்டிக்கிடந்தது. சின்ன ஸ்கேன் கருவியை உள்ளே விட்டு, கட்டியின் எல்லை எது, குழாய் எது என்று சார் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கொடுக்கின் நுனி நெல்மணி அளவுதான் இருக்கும். அதை வைத்து மயிரிழை மயிரிழையாகப் பிரித்தார். எங்கள் கண்ணுக்குப் பிரிவதே தெரியவில்லை. நேரம் போனபோது, பிரிந்திருந்தது.

"கிளிப்" என்றார். பேபி சிஸ்டர் நேரம் சொல்ல ஆரம்பித்தாள்.

கட்டி வந்துகொண்டிருந்தது. கடைசித் தொடுப்பு ஒன்று மிச்சம். கட்டியின் ஒரு விரல் குழாயின் பின்பக்கமாகச் சுற்றிப் பிடித்திருந்தது. ஸ்கேனில் அது தெரிந்திருக்கவில்லை. அதை விட்டுவைத்தால் நோய் அங்கேயே கிடக்கும். சார் எடுத்தார். கட்டி விலகியது. கூடவே குழாயின் சுவர் கீறிக்கொண்டு வந்தது.

நான் நின்ற இடத்திலிருந்து சாரின் பாதங்கள் மட்டும்தான் தெரியும். கால்விரல்கள் எல்லாம் உள்பக்கமாகச் சுருண்டன.

"சிஸ்டர், ப்ளீஸ், சின்ன நூல்."

கீறலைத் தைத்தார். பேபி சிஸ்டர் நேரம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் குறைந்துகொண்டே வந்தது, ஏதோ அவள்தான் நேரத்தை ஓடவைக்கிற மாதிரி. தைத்து முடித்துக் கிளிப்பை எடுத்தார்கள். பச்சை மருந்து ஏற்றினார்கள். சார் பொத்தானை அமுக்கினார். திரை இருட்டாயிற்று.

பக்கத்தில் குடல் மின்னியது. ஈரல் மின்னியது. கிட்னி இருந்த இடம் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, ப்ளீஸ்."

ஏற்றினார்கள். நாங்கள் ஏழு பேர் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. பச்சை வர வேண்டும் என்பது மட்டும் தெரியும். வரவில்லை.

பிறகு நண்டைப் பின்னால் இழுக்கச் சொன்னார். நான் இழுத்தேன். சார் கை கழுவி, உடுப்பு மாட்டி, மேசைக்கே வந்து வயிற்றைத் திறந்தார். தையலைப் பிரித்து மறுபடியும் தைத்தார். வெதுவெதுப்பான தண்ணீர் நனைத்த துணியால் கிட்னியைப் பொதிந்து, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். துணியை எடுத்துப் பார்த்தபோது அது கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. செத்த கிட்னியை உள்ளே விட முடியாது, அழுகி ஆளைக் கொன்றுவிடும். எடுத்தார்.

தட்டில் வைத்ததும் பேபி சிஸ்டர் துணியை மூடி என் கையில் கொடுத்தாள். கனமாக இருந்தது. அந்தக் கனம் எனக்குப் பழக்கமானதுதான், ஆனாலும் கை தாழ்ந்தது.

"சார்" என்றேன். "அந்தப் பயலுக்குக் காட்டண்டாம்னு அம்மை சொல்லியிருக்கு. பாத்தா அவன் குளிகை முழுங்கமாட்டான்னு பயப்படுகு. வேற ஆரும் இல்ல, அவன் ஒருத்தன்தான் நிக்கான்."

சார் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவனுக்க அம்மைக்க வயித்துலேந்து ஒண்ண எடுத்திருக்கேன். அத நான் மறைச்சா, குளிகை முழுங்குன்னு நாளைக்கு நான் சொன்னா அவன் கேப்பானா? கொண்டு காட்டுங்க தாஸ். நான் தச்சு முடிச்சிட்டு வாறேன்." கொஞ்சம் நிறுத்தி, "ப்ளீஸ்" என்றார்.

என்னிடம் சார் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேசையிலிருந்து கதவு கொஞ்ச தூரம்தான். சார் சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. மூன்றாம் வகுப்புக்காரன் தலைக்கு இரண்டு சரி ஒரே நேரத்தில் தாங்காது. கதவைத் தோளால் தள்ளினேன்.

அனீஷ் எழுந்து நின்றான். மெலிந்த பையன், முகத்தில் மாஸ்க். தட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, அம்மை?"

"உயிருக்கு ஒண்ணும் இல்ல. சார் தச்சிட்டு இருக்கார்."

"அதுல என்னது?"

நான் துணியை எடுக்கவில்லை. "நீ வல்லதும் தின்னியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே."

"வெள்ளம்?"

"அம்மை வெளிய வந்த பெறவு குடிக்கேன்."

"குளிகை?"

சட்டைப்பையைத் தடவினான். காலையில் முழுங்க வேண்டியது, மதியம் கடந்திருந்தது. அவள் பயந்தது நான் கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே தொடங்கியிருந்தது.

"குளிகைய எடு."

"துணிய எடுங்கண்ணே. நான் பாக்கணும்."

"பாக்கலாம். உனக்கு உரிமை உண்டு. ஆனா நீ முழுங்காம நான் தொறக்கமாட்டேன். நின்னு பாப்போம், எனக்குக் கை வலிக்குதா, உனக்குக் கால் வலிக்குதான்னு."

"என்னண்ணே வெளாடுதியளா?"

"ஆமாடே. நான் வெளாட்டுக்காரனாக்கும். ஊருக்கே தெரியும். முழுங்கு."

அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. கோபத்தில்தான் வந்தது. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் பிய்த்து, பெஞ்சில் இருந்த பாட்டிலைத் திறந்து, ஒவ்வொன்றாக என்னை முறைத்துக்கொண்டே முழுங்கினான். நான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பிறகு துணியை முழுசாக எடுத்தேன்.

குனிந்து பார்த்தான். தொடவில்லை.

"இதுக்க ஜோடிதானே அண்ணே எனக்குள்ள கெடக்கு?"

"ஆமாடே."

மாற்றி வைத்த கிட்னியை விலாவுக்குக் கீழே வைக்க மாட்டார்கள். அடிவயிற்றில், தோலுக்குச் சற்று உள்ளே வைப்பார்கள். தொட்டால் தெரியும். அவன் சட்டைக்கு மேலேயே அந்த இடத்தைப் பொத்திக்கொண்டான். "இத எடுத்து அம்மைக்குத் திருப்பி வைக்க முடியாதா?" என்று கேட்டான். என்னிடம் கேட்கவில்லை. அதற்குள் சார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ரத்தம் பட்ட உடுப்போடு பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். குழாய் கீறியது தன் கையில்தான் என்றும் சொன்னார். நான் தட்டோடு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து கனகபாய் என்னை வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். மூக்கில் குழாய், உதடு வெடித்திருந்தது.

"காட்டினியா?"

பொய் சொல்லலாம் என்றுதான் போனேன். அவள் கண்ணைப் பார்த்ததும் வரவில்லை.

"காட்டினேன் அக்கா."

கண்ணை மூடிக்கொண்டாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முழுங்கினானா?"

"முழுங்கிட்டுத்தான் பாத்தான்."

"அப்பம் செரி" என்றாள். பிறகு, "நீ பொண்ணு பேசப் போயிருந்தா கெட்டிக்காரனா இருந்திருப்ப" என்றாள். சிரிக்கவில்லை.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வந்தாள். திருவட்டாறிலிருந்து பஸ்சில் அவன்தான் கூட்டிக்கொண்டு வருவான். கடை வேலை போய்விட்டது. மிஷினில் அவள் ரத்தம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, ஒரு கையால் டிபன் டப்பாவைத் திறந்து அவனுக்கு முன்னால் வைப்பாள். அவன் சாப்பிட வேண்டும், அவள் பார்க்க வேண்டும், குளிகை முழுங்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். நான் அந்தப் பக்கம் போனால், "இன்னா, சாட்சிக்காரன் வாறான்" என்பாள். டயாலிசிஸ் அறையில் மற்ற நோயாளிகள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான். அவள் நிறையக் குடிக்கக் கூடாது என்பதால் தண்ணீரை அளந்து நாக்கை நனைத்துக்கொண்டிருக்க, அவன் முழு டம்ளர் குடிக்க வேண்டும். அவன் கிட்னிக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். ஒரே கட்டிலின் இரண்டு பக்கம் அது. எனக்கு அங்கே ரொம்ப நேரம் நிற்க முடியாது.

சார் அந்த அறைக்குள் வந்து பார்த்ததில்லை. வாசல் வரை வருவார். கண்ணாடி வழியாக மிஷினில் உள்ள எண்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ரோபோவில் அதற்குப் பிறகும் எத்தனையோ கிட்னிகளைக் காப்பாற்றினார். நாற்றங்கால் பச்சையை நான் எத்தனையோ தடவை பார்த்தேன். பச்சை வந்ததும் சார் எழுந்திருப்பதை மட்டும் விட்டுவிட்டார். பேபி சிஸ்டர் போய்த் தோளைத் தொடுகிற வரை பெட்டிக்குள்ளேயே இருப்பார்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் தண்ணீர் கோத்துவிட்டது. ஒரு சாயங்காலம் கொண்டுவந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் போய்விட்டாள்.

பிணவறை வாசலில் வண்டிக்காகக் காத்து நின்றோம். அவன், நான், ட்ராலியில் அவள். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு போன் மணி அடித்தது. அவன் பைக்குள்தான். எடுத்து நிறுத்தினான். யாரும் கூப்பிடவில்லை, குளிகைக்கு வைத்த மணி.

"முழுங்குடே" என்றேன்.

"ஆருக்கு வேண்டி அண்ணே இனி? பாக்கதுக்கு ஆளு இல்லியே."

நான் உள்ளே போய் ஒரு டம்ளர் வெள்ளம் கொண்டுவந்து கொடுத்தேன். "உனக்க அம்மை முழுசா இன்னும் சாவல்லடே. பாதி இந்த ட்ராலியில கெடக்கு, பாதி அங்க நிக்கு. அந்தப் பாதிக்குத் தாகம் எடுக்கும்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அவன் ரொம்ப நேரம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்று, முழுங்கினான். வாயைத் திறந்து காட்டினான். நான் பார்த்தேன்.

அந்த வருஷக் கடைசியில் எனக்கு ஓய்வு. மாலை போட்டார்கள், சார் கை குலுக்கினார், நான் நாலு கோமாளிப் பேச்சுப் பேசினேன், எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு எனக்கு ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. ராத்திரி சோற்றுக்கு முன்னால் அனீஷுக்கு ஒரு போன். "முழுங்கினியா?" என்பேன். "முழுங்கிட்டேன்" என்பான். வைத்துவிடுவான். அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு இல்லை. போனில் வாயைத் திறந்து காட்ட முடியாது, நம்பத்தான் வேண்டும். நம்பினேன்.

முந்தாநாள் மணி அடித்து அடித்து நின்றது. நேற்றும் அப்படித்தான். இன்று காலையில் ஒரு தடவை அடித்துப் பார்த்தேன், அணைத்து வைத்திருக்கிறது என்று ஒரு பொம்பளைக் குரல் சொல்கிறது. மகள் இதை எழுதிக்கொண்டே, "ஒருவேள போன் கெட்டுப்போயிருக்கும்ப்பா" என்கிறாள். இருக்கலாம். மொபைல் கடையில் வேலை பார்த்தவன் போன் கெட்டுப்போகாதா என்ன.

நாளைக்கு வடசேரியிலிருந்து முதல் பஸ்சில் திருவட்டாறு போகிறேன். வீடு தெரியும். கதவைத் தட்டுவேன். அவன் திறந்தால் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். திறக்காவிட்டால் என்ன செய்வது என்றுதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.